பவர் ஃபேக்டர்: எதை அளக்கிறது, எதை அளக்காது

பிராக்டிக்கல் ஷூட்டிங் என்ற துப்பாக்கி விளையாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மேஜர், மைனர், பவர் ஃபேக்டர் என்ற சொற்கள் கூடவே வந்துவிடும். புதியவர்கள் காதில் விழுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பவர் ஃபேக்டர் என்றால் தோட்டாவின் ஆற்றல்." "130 என்றால் எந்தத் தோட்டாவும் ஒரே மாதிரிதான் உதைக்கும்." "எண் குறைவாக இருக்கிறது, ஆகவே லோடு பாதுகாப்பானது." மூன்றுமே தவறு. (எந்தக் குண்டு, எவ்வளவு பவுடர் என்ற சேர்மானத்துக்குத்தான் லோடு என்று பெயர்.) மூன்றாவதை நம்புகிறவரின் கையும் கண்ணும் ஆபத்தில் இருக்கின்றன. பிஸ்டலில் எந்த ஸ்பிரிங் போடுவது, தோட்டாவைக் கட்டும்போது, அதாவது பாகங்களைச் சேர்த்துத் தயாரிக்கும்போது, எந்த வேகம் வைப்பது என்ற இரண்டு முடிவுகளும் இந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான் நடக்கின்றன. அதனால் இதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

முதலில் விளையாட்டைப் பற்றி. அட்டை இலக்குகளும் இரும்புத் தகடுகளும் பல இடங்களில் நிறுத்தப்பட்டிருக்கும். போட்டியாளர் ஓடி, நின்று, தோட்டா அடுக்கிய மேகசினை மாற்றி எல்லாவற்றையும் சுட்டு முடிப்பார். இப்படிப்பட்ட ஒரு சுற்றுக்கு ஸ்டேஜ் என்று பெயர். இதன் உலக அமைப்பான ஐபிஎஸ்சி 1976-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியாவில் தொடங்கியது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். அமெரிக்காவில் இந்தப் போட்டிகளை நடத்துவது யுஎஸ்பிஎஸ்ஏ. துல்லியம், வலு, வேகம் மூன்றும் சமம் என்பது ஐபிஎஸ்சியின் அடிப்படைக் கொள்கை. துல்லியத்தை அட்டையில் விழுந்த ஓட்டை காட்டும், வேகத்தை டைமர் காட்டும். வலுவைக் காட்டத்தான் பவர் ஃபேக்டர்.

தோல் பந்தும் டென்னிஸ் பந்தும்

தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர் முதன்முதலாகத் தோல் பந்தைக் கேட்ச் பிடிக்கும்போது கை பின்னால் தள்ளப்படுவதை உணர்ந்திருப்பார். தோல் பந்து சுமார் 160 கிராம், டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம். மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் தோல் பந்து கையைத் தள்ளும் அளவுக்கு டென்னிஸ் பந்தும் தள்ள வேண்டும் என்றால், அது மணிக்கு 99 கிலோமீட்டரில் வர வேண்டும். எடை குறைந்ததை வேகம் ஈடுகட்டுகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும் இந்த அளவுக்கு உந்தம் என்று பெயர். பள்ளிப் பாடத்தில் படித்த அதே உந்தம்தான்.

பவர் ஃபேக்டர் என்பது குண்டின் உந்தம். அதற்கு மேல் எதுவும் இல்லை.

கணக்கு

குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற அலகில் எடுத்துக்கொண்டு, வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி, 1,000-ஆல் வகுக்க வேண்டும். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். ஆக, 124 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 8 கிராம்.

பெட்டியில் "124 கிரெய்ன்" என்று அச்சிட்டிருப்பதை உள்ளே இருக்கும் பவுடரின் அளவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது உறையின் வாயிலிருந்து பறந்து போகும் உலோகத் துண்டின், அதாவது குண்டின் எடை. குண்டு, அதைப் பிடித்திருக்கும் உறை, உள்ளே எரியும் பவுடர், அதைப் பற்றவைக்கும் பிரைமர் நான்கும் சேர்ந்த முழுப் பொருள்தான் தோட்டா. 9 மில்லிமீட்டர் தோட்டாவில் பவுடர் ஒற்றை இலக்கக் கிரெய்னில்தான் இருக்கும்.

மூன்று தோட்டாக்களை ஒப்பிடலாம். 115 கிரெய்ன் குண்டு 1,132 அடி வேகத்தில் 130.1 தரும். 124 கிரெய்ன் 1,050 அடியில் 130.2. 147 கிரெய்னுக்கு 886 அடியே போதும், அதுவும் 130.2. மூன்றும் ஒரே பவர் ஃபேக்டர்.

ஆனால் ஆற்றல் ஒன்றல்ல. ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. மேலே சொன்ன 124 கிரெய்ன் குண்டின் இயக்க ஆற்றல் சுமார் 411 ஜூல். 147 கிரெய்ன் குண்டுக்குச் சுமார் 347 ஜூல்தான். எண் ஒன்றாக இருந்தும் ஆற்றலில் சுமார் ஆறில் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறது. ஆகவே பவர் ஃபேக்டரை ஆற்றல் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

உந்தத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃப் விலை உயர்ந்ததாக இருந்த தொடக்க காலத்தில், தொங்கும் எடையில் குண்டைச் சுட்டு அது எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்று பார்த்தார்கள். பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் விவரித்த அதே முறை. அந்த ஊசல் நேரடியாகக் காட்டுவது உந்தத்தைத்தான்.

125, 165: கோடு எங்கே

போட்டியில் இரண்டு நிலைகள் உண்டு. குறைந்தபட்ச நிலை மைனர். அதற்கு 125 வேண்டும். மேல்நிலை மேஜர், யுஎஸ்பிஎஸ்ஏ-வில் அது 165. ஐபிஎஸ்சியில் ஓபன் டிவிஷனுக்கு 160, ஸ்டாண்டர்ட் டிவிஷனுக்கு 170. டிவிஷன் என்பது ஒரே வகைத் துப்பாக்கிகளுக்கான போட்டிப் பிரிவு. புரொடக்‌ஷன் போன்ற சில டிவிஷன்களில் எல்லோருக்கும் மைனர் மதிப்பெண்தான். அங்கே தோட்டாவை 165-க்குக் கட்டினாலும் ஒரு பயனும் இல்லை, உதைதான் மிச்சம்.

மேஜரால் என்ன லாபம்? இலக்கின் நடுப்பகுதியான 'ஏ'வில் பட்டால் இரு நிலைக்கும் 5 புள்ளி. அடுத்த பகுதியான 'சி'யில் மேஜருக்கு 4, மைனருக்கு 3. வெளிப்பகுதியான 'டி'யில் மேஜருக்கு 2, மைனருக்கு 1. மொத்தப் புள்ளியை நேரத்தால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். அதை வைத்துத்தான் வரிசை.

32 குண்டு சுடும் ஒரு பெரிய ஸ்டேஜில் 24 குண்டு ஏ-யிலும் 8 குண்டு சி-யிலும் விழுந்தன என்று வையுங்கள். மேஜருக்கு 152 புள்ளி, மைனருக்கு 144. இருவரும் 20 வினாடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 7.60-உம் 7.20-உம். மைனர் சுடுகிறவர் 7.60-ஐ எட்ட 18.95 வினாடியில் முடித்தாக வேண்டும், அதாவது ஒரு வினாடிக்குக் கொஞ்சம் கூட. 32 குண்டுக்குப் பிரித்தால் ஒரு குண்டுக்கு வினாடியில் நூறில் மூன்று பங்கு. உதை குறைந்த துப்பாக்கியில் இந்த நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதால்தான் மைனரா மேஜரா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. எல்லாக் குண்டையும் ஏ-யில் வைப்பவருக்கு மேஜரால் ஒரு புள்ளிகூட லாபமில்லை. சி-யில் விழும் குண்டுகளுக்குத்தான் மேஜர் உதவுகிறது.

இதுவரை பார்த்தது: பவர் ஃபேக்டர் குண்டின் உந்தம், ஆற்றல் அல்ல. 125-உம் 165-உம் விதி வகுத்த கோடுகள். கோட்டைத் தாண்டிய பிறகு எண் கூடக்கூடப் புள்ளி கூடாது.

குரோனோ மேசையில் நடப்பது

பெரிய போட்டிகளில் ஒவ்வொரு போட்டியாளரின் தோட்டாக்களிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். ஐபிஎஸ்சி விதிப்படி முதல் மாதிரி 8 தோட்டா. அதில் ஒன்றைப் பிரித்து, குண்டைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்வார்கள். மூன்றைப் போட்டியாளரின் துப்பாக்கியிலேயே சுட்டு வேகத்தின் சராசரியை எடுப்பார்கள். கோட்டைத் தொடவில்லை என்றால் இன்னும் மூன்றைச் சுட்டு, ஆறில் அதிக வேகமுள்ள மூன்றின் சராசரியைப் பார்ப்பார்கள். அதிலும் தவறினால் மிச்சமிருக்கும் ஒரு தோட்டாவை என்ன செய்வது என்பது போட்டியாளரின் விருப்பம்: பிரித்து எடை போடலாம், அல்லது சுடலாம்.

இங்கே பலரும் சறுக்குவது தசமத்தில். 124.9999 என்பது 125 அல்ல என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. பக்கத்து முழு எண்ணுக்கு உயர்த்துவது கிடையாது, தசமம் அப்படியே வெட்டப்படும்.

குண்டின் எடையும் இதே போலக் காலை வாரும். பெட்டியில் 124 என்று இருக்கும், 1,012 அடி வேகம் வருகிறது, பெருக்கினால் 125.4. தேறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் மேசையில் பிரிக்கப்பட்ட அந்த ஒரு குண்டு 123.4 கிரெய்ன் என்று தராசு காட்டினால் கணக்கு 124.8 ஆகிவிடும். அது 124. வார்ப்புக் குண்டுகளிலும் மேற்பூச்சுக் குண்டுகளிலும் இந்த ஏற்ற இறக்கம் சகஜம். அதனால் அச்சிட்ட எடையை நம்பாமல், வாங்கிய பெட்டியிலிருந்து இருபது குண்டையாவது தராசில் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே இலேசானதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

யுஎஸ்பிஎஸ்ஏ-வில் மேஜர் என்று அறிவித்துவிட்டு 163 வந்தால் போட்டி முழுவதும் மைனர் மதிப்பெண். 125-க்குக் கீழே போனால் தொடர்ந்து சுடலாம், மதிப்பெண் கிடையாது. ஊர் விட்டு ஊர் வந்து சுடுகிறவருக்கு அது பெரிய இழப்பு.

ஒரே எண், வேறு வேறு உதை

துப்பாக்கியைப் பின்னால் தள்ளுவது குண்டு மட்டுமல்ல. குண்டுக்குப் பின்னாலேயே எரிந்த பவுடர் வாயுவாகக் குழலின் வாயிலிருந்து பாய்கிறது. எடை குறைவு, வேகமோ குண்டைவிடப் பல மடங்கு. தோராயக் கணக்குக்கு வினாடிக்கு 4,000 அடி என்று எடுத்துக்கொண்டால், 4 கிரெய்ன் பவுடரின் வாயு 16 அலகு உந்தம் தரும், 5.5 கிரெய்ன் என்றால் 22. குரோனோகிராஃப் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குத் தெரிவது குண்டு மட்டும்தான். கனமான குண்டைக் குறைந்த பவுடரில் மெதுவாக அனுப்பும் தோட்டா மென்மையாகத் தோன்றுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். 147 கிரெய்ன் குண்டு மைனரில் இவ்வளவு பிரபலமாக இருப்பதும் இதனால்தான்.

ஓபன் டிவிஷனில் கதை தலைகீழ். அங்கே குழலின் நுனியில் காம்பென்சேட்டர் இருக்கும். வாயுவை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டுக் குழல் மேலே எழுவதைத் தடுக்கும் உலோகப் பகுதி அது. அதற்கு வாயு நிறைய வேண்டும். ஆகவே மெதுவாக எரியும் பவுடரை அதிக அளவில் போடுவார்கள். மொத்த உந்தம் கூடும், ஆனால் குழல் எழுவது குறையும். அதே பவுடரைக் காம்பென்சேட்டர் இல்லாத பிஸ்டலில் போட்டால் சத்தமும் தீச்சுவாலையும் உதையும்தான் மிஞ்சும்.

அடுத்தது துப்பாக்கியின் எடை. குண்டும் வாயுவும் சேர்ந்து 146 அலகு என்று கொண்டால் அது வினாடிக்கு 2.88 கிலோகிராம்-மீட்டர் உந்தம். தோட்டா நிரப்பிய நிலையில் 0.9 கிலோ உள்ள பிஸ்டல் வினாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். 1.4 கிலோ உள்ளது 2.06 மீட்டரில்தான் வரும். போட்டிக்காரர்கள் எஃகுச் சட்டம் கொண்ட கனமான பிஸ்டல்களைத் தேடுவதன் காரணம் இந்த வகுத்தல்தான்.

எண்ணுக்கு ஏற்ற ஸ்பிரிங்

சுட்டதும் பிஸ்டலின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போய் வெற்றுறையை வெளியே எறிந்துவிட்டு, ரீகாயில் ஸ்பிரிங்கின் தள்ளலால் முன்னால் வந்து அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏற்றுகிறது. ஸ்பிரிங்கை எத்தனை பவுண்டு என்ற எண்ணால் குறிப்பார்கள். 5 அங்குலக் குழலும் .45 தோட்டாவும் கொண்ட 1911 என்ற மாடல் பிஸ்டலுக்கு வழக்கமான எண் 16. அந்த ஸ்பிரிங் முழு வலுவுள்ள தோட்டாவுக்கானது: 230 கிரெய்ன் குண்டு 830 அடி வேகத்தில், அதாவது 190 பவர் ஃபேக்டர். அதே பிஸ்டலில் 168-க்குக் கட்டிய தோட்டாவைப் போட்டால் ஸ்லைடுக்குக் கிடைக்கும் உந்தம் குறைந்துவிடுகிறது, ஸ்பிரிங் மட்டும் பழைய வலுவோடு நிற்கிறது.

ஸ்பிரிங் உதையைக் குறைக்காது. மொத்த உந்தம் மாறாது. அது கைக்கு எப்போது, எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பதுதான் மாறும். வலுவான ஸ்பிரிங் போட்டால் ஸ்லைடு பின்னால் போய் மோதுவது மென்மையாகும், ஆனால் முன்னால் திரும்பும்போது வேகமாக அடித்துக் குழல் நுனியைக் கீழே இழுக்கும். அடுத்த குண்டு தாழ விழும். இலேசான ஸ்பிரிங்கில் இது எதிர்மாறு.

எது பொருந்தும் என்பதை வெற்றுறையே காட்டிக்கொடுக்கும். உறை காலடியிலேயே விழுகிறது, சில சமயம் ஸ்லைடில் நெட்டுக்குத்தலாகச் சிக்குகிறது, கடைசித் தோட்டா முடிந்தும் ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் ஸ்பிரிங் அந்த லோடுக்கு அதிக வலுவானது. உறை வெகு தூரம் பறக்கிறது, ஸ்லைடு சட்டத்தில் மோதுவது கையில் இடிக்கிறது, முன்னால் வந்த ஸ்லைடு முழுதாக மூடாமல் நிற்கிறது என்றால் அது மிக இலேசு. ஒரே தடவையில் நான்கைந்து பவுண்டு குறைக்காமல், ஒன்று அல்லது இரண்டு பவுண்டாக மாற்றி, ஒவ்வொரு முறையும் நிரம்பிய மேகசின், ஒரே தோட்டா உள்ள மேகசின் இரண்டிலும் சோதியுங்கள். ஒரு கையில் சற்றுத் தளர்வாகப் பிடித்தும் சுட்டுப் பாருங்கள். போட்டியில் அப்படிச் சுட நேரும்போதுதான் ஸ்பிரிங் பொருந்தாத பிஸ்டல் நின்றுபோகும். லோடை முதலில் முடிவு செய்துவிட்டு ஸ்பிரிங்கை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் கோளாறு எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அழுத்தத்தைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது

சுடும்போது உறைக்குள் வாயு எவ்வளவு தள்ளுகிறது என்பது அறை அழுத்தம். 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பவர் ஃபேக்டருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. வேகமாக எரியும் பவுடர் சட்டென்று உச்ச அழுத்தத்தைத் தொட்டு இறங்கிவிடும். மெதுவாக எரிவது அதே வேகத்தைக் குறைந்த உச்சத்தோடு தரலாம். இரண்டிலும் குரோனோகிராஃப் ஒரே எண்ணைக் காட்டும்.

குண்டு உறைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் முக்கியம். 9 மில்லிமீட்டர் உறைக்குள் இடம் மிகக் குறைவு. குண்டு சற்று உள்ளே தள்ளப்பட்டாலும் அந்த இடம் இன்னும் சுருங்கி அழுத்தம் சட்டென்று ஏறும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றி இறக்கினால் குண்டு மெல்ல உள்ளே போய்விடும். கட்டிய தோட்டாவை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குண்டு அசைந்தால் உறையின் பிடி போதாது என்று அர்த்தம், அந்தத் தோட்டாவைச் சுடக் கூடாது.

மைனர் லோடில் பவுடர் மிகக் குறைவாக இருப்பதால் இன்னொரு ஆபத்து வருகிறது. உறையில் பாதிகூட நிரம்பாத அளவு என்றால், தவறி இருமுறை விழுந்தாலும் பவுடர் வெளியே வழியாது. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வோர் உறைக்குள்ளும் கண்ணால் பார்த்த பிறகே குண்டை வைக்க வேண்டும். பவுடரே விழாவிட்டால் பிரைமரின் வலுவில் குண்டு குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். சத்தம் சப்பென்று இருந்தால், உதை காணாமல் போனால், அடுத்த தடவை விசையைத் தொடாதீர்கள். துப்பாக்கியைக் காலிசெய்து குழலைப் பாருங்கள். பவுடரின் அளவை எப்போதும் பவுடர் நிறுவனம் வெளியிடும் லோடு கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். குரோனோகிராஃபில் எண் குறைவாக வருகிறது என்பதற்காகக் கையேட்டின் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்ட நிலையில் மாற்ற வேண்டியது பவுடர் வகையோ குண்டின் எடையோதான்.

அமெரிக்காவில் சொந்தத் தேவைக்குத் தோட்டா கட்டுவது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டம் 1959-இன்படி குற்றம்.

சுருக்கமாக: குரோனோகிராஃப் காட்டும் எண் வாயுவையும் துப்பாக்கியின் எடையையும் ஸ்பிரிங்கையும் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்வதில்லை.

எந்த எண்ணைக் குறிவைப்பது

125-க்கு 126-ஐக் குறிவைப்பவர் ஒரு நாள் மாட்டிக்கொள்வார். ஒரே நீளக் குழல் உள்ள இரண்டு பிஸ்டல்களே ஒரே தோட்டாவுக்கு வேறு வேகம் காட்டும். 5 அங்குலக் குழலில் சோதித்த லோடை 4 அங்குலக் குழலில் சுட்டால் வேகம் இறங்கும். சில பவுடர்கள் வெயிலில் வேகம் கூடும், சில குறையும்; குளிர்காலக் காலையில் எண் மாறும். போட்டி மேசையிலுள்ள குரோனோகிராஃபும் உங்களுடையதும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அதனால் அனுபவமுள்ளவர்கள் மைனருக்கு 129 முதல் 132 வரையிலும், 165 மேஜருக்கு 168 முதல் 172 வரையிலும் வைத்துக்கொள்கிறார்கள். இதைவிட அதிகம் தேவையில்லாத உதை. போட்டியில் சுடப்போகும் அதே பிஸ்டலில் பத்துத் தோட்டா சுட்டு, சராசரியோடு மிகக் குறைந்த வேகத்தையும் பாருங்கள். அந்தக் குறைந்த வேகத்தை இருப்பதிலேயே இலேசான குண்டின் எடையால் பெருக்கினாலும் 125-க்கு மேலே நின்றால் அந்த லோடு தேறும். நிற்காவிட்டால் பவுடர் விழும் அளவு சீராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்துத் தோட்டாவுக்குள் 60, 70 அடி ஏற்ற இறக்கம் இருந்தால் கோளாறு அநேகமாக அங்கேதான்.

பவுடர் டப்பாவில் அது எந்தத் தயாரிப்புத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் லாட் எண் அச்சிட்டிருக்கும். புது லாட் திறந்தாலும், குண்டு நிறுவனத்தை மாற்றினாலும், குழலை மாற்றினாலும் இதே பத்துத் தோட்டாச் சோதனையை மறுபடி செய்து, லாட் எண், குண்டின் எடை, தோட்டாவின் முழு நீளம், அன்றைய வெப்பநிலை, கிடைத்த வேகம் எல்லாவற்றையும் தோட்டாப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.